கனகசெட்டிக்குளத்துக்கு ஓர் ஆற்றுப்படை

கடற்கரையில் விடுமுறைக்கு வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் வெளியிடும் விளம்பரங்களில் எல்லாம் இருக்கும். வழி மட்டும் இராது. படுக்கையறை எத்தனை, மெத்தையின் கனம் என்ன, தென்னை மரங்களுக்கு நடுவே தூளி கட்டியிருக்கிறதா, நாயை அழைத்து வரலாமா, இவ்வளவும் விஸ்தாரமாகச் சொல்லுவார்கள். "ஐயா, அங்கே எப்படி வந்து சேருவது?" என்று கேட்டால் மட்டும், கைப்பேசிக்கு ஒரு புள்ளியை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். புள்ளியைத் தொட்டால் நீல நிறத்தில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டின் மேல் மோட்டாரைச் செலுத்திக்கொண்டு போகவேண்டியதுதான். வேறு விவரம் ஒன்றும் நமக்குத் தெரியவேண்டியதில்லை என்பது அவர்களுடைய கட்சி.

தமிழ் ஜனங்கள் வழி சொல்வதை இவ்வளவு அற்பக் காரியமாக என்றும் நினைத்ததில்லை. அதை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்திருந்தார்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற கலைஞன் ஒருவன், எதிரே பசித்த வயிற்றோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். "இன்ன வழியாகப் போ, இன்ன ஊரில் இன்னார் இன்னது உண்ணக் கொடுப்பார்கள், அதற்கப்பால் இன்ன ஊர்" என்று விவரமாகச் சொல்லி அனுப்புகிறான். இதுவே ஆற்றுப்படை. ஆறு என்றால் வழி. 1889-ஆம் வருஷத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்ட பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே.

அவற்றுள் சிறுபாணாற்றுப்படை என்பது 269 அடிகளே கொண்ட சிறிய பாட்டு. அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாலாற்றைத் தாண்டித் தெற்கே போகிறவர்கள் இன்றும் இடைக்கழிநாடு என்ற பெயர்ப் பலகையைக் காணலாம். கடப்பாக்கம் அதைச் சேர்ந்ததுதான். நத்தத்தனார் காட்டும் வழியோ எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று போய், ஓய்மா நாட்டு நல்லியக்கோடனுடைய கிடங்கிலில் முடிகிறது. கிடங்கில் இப்போது திண்டிவனத்தோடு சேர்ந்துவிட்டது. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்று ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள்.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், நாம் குடும்ப சகிதமாய்ப் பிரயாணம் செய்த சாலையும் அதுவே என்பதுதான். சென்ற தை மாதத்தில் நான்கு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தது. புதுவைக்குச் சற்று வடக்கே, "செட்டிக்குளம் கடற்கரை, காலாப்பட்டு அருகில்" என்று விளம்பரத்தில் கண்ட ஒரு வீட்டை அமர்த்திக்கொண்டோம். வீட்டுக்காரர் ஒரு புள்ளி அனுப்பினார். நாமும் இல்லத்தரசியும் இரண்டு குழந்தைகளும், எழுபத்திரண்டு வயதான அத்தையும் புறப்பட்டோம். கைப்பேசிக்குள் குடியிருந்துகொண்டு "இடப்பக்கம் திரும்பவும்" என்று உத்தரவு போடும் அம்மாளிடம் அத்தைக்கு எள்ளளவும் நம்பிக்கை கிடையாது. "அவள் இந்த ஊர்ப்பக்கம் எப்போதாவது வந்திருக்கிறாளா?" என்று முட்டுக்காட்டைத் தாண்டும்போதே கேட்டுவிட்டாள்.

மாமல்லபுரம் வரையில் சாலையைப் பற்றிச் சொல்ல விசேஷமாய் ஒன்றும் இல்லை. அதற்கப்பால் புதுவை வரையில் தேசிய நெடுஞ்சாலை 332ஏ என்று பெயர் மாற்றி, நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலையை அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் "பெரிய ஆலமரத்துக்கு எதிரில்", "தேநீர்க் கடையைத் தாண்டி" என்று பழகினவர்கள் சொல்லுகிற அடையாளங்களையெல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது. சாலை அகன்ற இடத்தில் மரமும் இராது, கடையும் இராது.

கடப்பாக்கத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டையைக் குழந்தைகளுக்குக் காட்டினோம். செங்கல் சுவர்களின் மிச்சம் உப்பங்கழியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1750-இல் பிரெஞ்சு கவர்னர் தூப்ளேயின் கைக்கு வந்த கோட்டை இது. 1760-இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். இடிந்த சுவரின்மேல் ஏறி நின்று நம் இளைய குமாரன் கேட்ட கேள்வி: "இந்தக் கோட்டை யாருடையது, அப்பா?" பிரெஞ்சுக்காரனுடையதுமில்லை, இங்கிலீஷ்காரனுடையதுமில்லை என்பதோடு அப்போதைக்கு நிறுத்திக்கொண்டோம். மேலே போகப் போக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது இன்னும் கடினமாகும் என்பது பிறகு தெரியவந்தது.

மரக்காணத்தில் சாலைக்கு அருகே உப்பளங்கள். பாத்திகளில் வானம் அப்படியே படிந்திருக்க, வரப்பின்மீது உப்பு வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது. எயிற்பட்டினம் இதுதான் என்றால், நத்தத்தனாருடைய பாணனுக்கு இங்கே பரதவர் வீட்டில் பழைய கள்ளும் சுட்ட மீனும் கிடைத்திருக்கவேண்டும். அதற்கப்பால் வேலூரில் புளி இட்ட சூடான சோறும் வேட்டை இறைச்சியும். ஆமூரில் உழவர் வீட்டில் குத்தித் தீட்டிய அரிசிச் சோறும் நண்டும். எந்த நிலத்தில் எது விளைகிறதோ அதைக் கொண்டு உபசரிப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் புலவர். வழி சொல்லுகிறவன், வழியில் இருக்கும் மனிதர்களையும் சேர்த்துச் சொல்லுகிறான். நமக்கு மரக்காணத்தில் கிடைத்தது தேநீரும் இரண்டு பொட்டலம் வேர்க்கடலையும். அதில் குறை ஒன்றும் இல்லை.

மரக்காணத்திலிருந்து புதுவை சுமார் 35 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் ஒருவன் இராஜ்ய எல்லையை மூன்று தடவை தாண்டவேண்டும் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதைச் சூழ்ந்த கோயிற்காடும் இருப்பது தமிழ்நாடு. அதையடுத்துக் கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரி ஆரம்பமாகிறது. கணபதிசெட்டிக்குளம், பெரியகாலாப்பட்டு, சின்னகாலாப்பட்டு, பிள்ளைச்சாவடி வரையில் புதுச்சேரிதான். பொம்மையார்பாளையம் வந்ததும் மறுபடியும் தமிழ்நாடு. பெரியமுதலியார்சாவடி, சின்னமுதலியார்சாவடி, கோட்டக்குப்பம் எல்லாம் தமிழ்நாடு. அதன்பின் முத்தியாலுப்பேட்டையில் மீண்டும் புதுச்சேரி. அதாவது காலாப்பட்டுப் பகுதி, தாய்ப்பட்டணத்திலிருந்து துண்டாகப் பிரிந்து கிடக்கும் ஒரு தீவு. அதைச் சூழ்ந்திருப்பது மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் வங்காள விரிகுடா. இந்தத் தீவை நிர்வகிப்பது உழவர்கரை நகராட்சி. அந்த நகராட்சியின் எஞ்சிய பகுதிக்குப் போகவேண்டுமானால் வேறொரு மாநிலத்தைக் கடந்து போகவேண்டும்!

இப்படிக் கிழித்த துணிபோல் ஒரு பிரதேசம் அமைந்ததற்குக் காரணம் பூகோளம் அல்ல, பிறருடைய பேரம். பிரான்ஸ்வா மர்த்தேன் 1674-இல் புதுவையில் காலூன்றிய பிறகு, நவாபுகளும் சிற்றரசர்களும் அவ்வப்போது கொடுத்த கிராமங்களைப் பிரெஞ்சுக்காரர் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துக்கொண்டார்கள். 1761, 1778, 1793 ஆகிய வருஷங்களில் ஆங்கிலேயர் புதுவையைப் பிடித்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஐரோப்பாவில் உடன்படிக்கை எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியாக 1814-ஆம் வருஷத்து உடன்படிக்கைப்படி திரும்பக் கிடைத்த துண்டு நிலங்களே பிரெஞ்சு இந்தியாவாக நின்றுவிட்டன. மேசைமேல் தேசப்படத்தை விரித்துக் கோடு போட்டவர்களில் எவரும் கனகசெட்டிக்குளத்தில் ஒரு குடம் தண்ணீர் மொண்டிருக்க மாட்டார்.

அந்தக் கோடுகளால் நம் தேசத்துக்கு ஒரு நன்மையும் உண்டாயிற்று என்பதை மறப்பதற்கில்லை. 1908-இல் பாரதியார் இந்த எல்லையைத் தாண்டியபடியால்தான் பத்து வருஷ காலம் சிறைக்கு வெளியே இருந்து பாட முடிந்தது. 1910-இல் ஸ்ரீ அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் இங்கே வந்தார்கள். 1918 நவம்பரில் பாரதியார் எல்லைக்கு அப்பால் காலை வைத்தார். கடலூர்ப் பக்கத்தில் உடனே கைது செய்தார்கள். ஒரு கிராமம் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது அந்நாளில் சாமான்ய விஷயமாக இருக்கவில்லை. 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணையச் சம்மதித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறிற்று. சட்டப்படி முழு உரிமை 1962 ஆகஸ்டு 16-இல் வந்தது. தேசங்களுக்கு நடுவே இருந்த கோடு இப்படி அழிந்தது. ஆனால் மாநில எல்லையாக அது அதே இடத்தில் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று சாலையில் போகிறவனுக்கு எல்லை வந்துவிட்டதென்று அறிவிப்பவை பெரும்பாலும் மதுக்கடைப் பலகைகள். பாரதியாருக்குப் புகலிடம் கொடுத்த எல்லைக்கு இப்படி ஓர் அடையாளமா என்று அத்தை வருத்தப்பட்டாள்.

நாம் எல்லைக்கு வந்தபோது மாலை ஆறேகால் மணி. தை மாதத்துச் சூரியன் மலைவாயில் விழுந்து, மேற்கே சவுக்குத் தோப்புகள் கறுத்துவிட்டன. கைப்பேசி அம்மாள் இடப்பக்கம் திரும்பச் சொன்னாள். தார்ச்சாலை மண்பாதையாகி, மண்பாதை மணற்பாதையாகி, கடைசியில் எட்டடி உயரமுள்ள ஒரு மதிற்சுவரில் போய் முட்டிக்கொண்டது. "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றாள் அம்மாள். சுவருக்கு அப்பால் கடல் இரைகிற சத்தம் கேட்டது. வீடு கண்ணுக்குப் படவில்லை.

புள்ளியின் சூட்சுமத்தை இங்கே சற்று விளக்கவேண்டும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் கூரையின்மேல் புள்ளியை வைக்கிறார்கள். யந்திரமோ, அந்தப் புள்ளிக்கு மிக அருகே தன் கணக்கில் எந்தப் பாதை இருக்கிறதோ அதன் வழியே இழுத்துக்கொண்டு வருகிறது. நடுவே மதில் இருக்கிறதா, வேலி இருக்கிறதா, வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நகரத்தில் இதனால் நஷ்டம் ஐம்பது அடி. கடற்கரைத் தோப்புகளிலோ நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கிப் போகும் பாதைகள் சீப்பின் பற்களைப்போல் தனித்தனியே கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்கே போக முடியாது. ஒரு பல் தவறினால் மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்துதான் அடுத்த பல்லைப் பிடிக்கவேண்டும். இருட்டில், சக்கரம் புதைகிற மணலில், இது எளிதன்று.

வீட்டுக்காரருக்குத் தொலைபேசி செய்தோம். அவர் எங்கேயோ வெளியூரில் இருந்தார். "புள்ளி சரியாகத்தானே இருக்கிறது?" என்று திருப்பிக் கேட்டார். அவரைப் பொறுத்தவரையில் விஷயம் முடிந்துவிட்டது.

நெடுஞ்சாலைக்குத் திரும்பி, சைக்கிளில் வந்த ஒரு வாலிபரிடம், "தம்பி, செட்டிக்குளம் கடற்கரைக்கு எப்படிப் போவது?" என்று விசாரித்தோம். அவர் உடனே, "எந்தச் செட்டிக்குளம் சார்? கனகசெட்டிக்குளமா, கணபதிசெட்டிக்குளமா?" என்றார். விளம்பரத்தில் வெறும் செட்டிக்குளம் என்றுதான் போட்டிருந்தது. இரண்டும் அடுத்தடுத்த ஊர்கள். இந்தப் பக்கத்துப் பெயர்களே இப்படி இரட்டை இரட்டையாக இருக்கின்றன. பெரியது ஒரு காலாப்பட்டு, சின்னது ஒரு காலாப்பட்டு, முதலியார்சாவடியும் அவ்வாறே. இதில் முன்பாதியை விட்டுவிட்டு விலாசம் எழுதுகிறவர்களை என்ன சொல்வது?

பெயர்களைக் குறை சொல்வதாக நினைக்கவேண்டாம். அவை மிகவும் நல்ல பெயர்கள். வழிப்போக்கனுக்கு என்ன தேவையோ அவற்றின் ஜாபிதாவாகவே இந்தச் சாலை அமைந்திருக்கிறது. குளம் என்றால் தண்ணீர். சாவடி என்றால் தங்குமிடம். பாளையம், பட்டு, குப்பம் என்பவற்றால் அங்கே எப்படிப்பட்ட ஜனங்கள் குடியேறினார்கள் என்பது விளங்கும். ஒரு செட்டியார் பெயரால் குளம், பிள்ளை பெயரால் சாவடி, முதலியார் பெயரால் இன்னொரு சாவடி. வழியில் வருகிறவன் யாரென்று தெரியாமலே அவனுக்காகக் குளம் வெட்டிச் சாவடி கட்டுவது தர்மம் என்று நினைத்த காலத்தின் பெயர்கள் இவை. அந்தச் சாவடிகளின் பக்கத்தில்தான் இப்போது ஒரு இரவுக்கு இத்தனை ஆயிரம் என்று வாடகை வாங்கும் வீடுகள் எழும்பியிருக்கின்றன. வாடகை வாங்குவதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. வாங்கினவர்கள் வாசலையாவது காட்டலாம் அல்லவா?

அந்தச் சமயத்தில் பேருந்திலிருந்து ஒரு மூதாட்டி இறங்கினாள். இடுப்பில் வெறும் அலுமினிய அன்னக்கூடை; மீன் விற்றுவிட்டுத் திரும்புகிறாள் என்று தெரிந்தது. நம் அத்தை மோட்டாரின் கண்ணாடியை இறக்கி விஷயத்தைச் சொன்னாள். விளம்பரத்தில் அந்த வீட்டுக்கு ஏதோ பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னோம், அவளுக்குப் புரியவில்லை. "காவல் யாரு இருக்காங்கம்மா அங்க?" என்று கேட்டாள். காவற்காரர் பெயர் நம்மிடம் இருந்தது. அதைச் சொன்னதும், "அட, முந்திரித் தோப்பு வீடா! அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று சிரித்தாள். முந்திரி மரம் வெட்டி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதாம். ஆனாலும் ஊருக்கு அது முந்திரித் தோப்புதான்.

"வண்டியில ஏறிக்கிறீங்களா?" என்று அத்தை கேட்டதற்கு, மீன் வாடை என்று சொல்லி மறுத்துவிட்டாள். மோட்டாருக்கு முன்னே விளக்கு வெளிச்சத்தில் அவள் நடந்தாள். பின்னே நாம் ஊர்ந்தோம். மூன்றாவது பாதையில் இறங்கி, ஒரு சிறு கோயிலைச் சுற்றி, மணல் ஆழமான இடத்தில் கையைக் காட்டி ஓரமாக வரச் சொல்லி, வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. வாங்காததோடு, நம்மை நிற்கவைத்து மேலும் வழி சொன்னாள். குழாய்த் தண்ணீர் கரிக்கும், குடிக்கவேண்டாம், பால் விடியற்காலையில் கோயிலண்டை வரும், மீன் வேண்டுமானால் ஏழு மணிக்குக் கரைக்கு வந்தால் படகு வந்திருக்கும், நல்லதாய் எடுத்துத் தருகிறேன், "ஆனா புள்ளைங்களைத் தண்ணியில இறக்காதீங்கம்மா. பார்க்க மட்டமாத்தான் இருக்கும். உள்ள இழுத்துக்கும்" என்றாள்.

நத்தத்தனார் கேட்டிருந்தால் தம்முடைய இனம் என்று அவளை அடையாளம் கண்டுகொண்டிருப்பார். எது உண்ணத்தக்கது, யார் தருவார்கள், எங்கே ஆபத்து: விளம்பரத்தில் இல்லாத இம்மூன்றும் அவளுடைய வாயிலிருந்து வந்தன. கடைசியில் சொன்னது மிகவும் முக்கியம். இந்தக் கரையில் அலை உடையும் இடத்துக்கருகே அடியில் பள்ளம் விழுந்து, திரும்பும் நீர் ஒடுக்கமான ஓடையாகச் சேர்ந்து கடலுக்குள் வேகமாய் ஓடும். மேலே பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை அடங்கி அமைதியாகத் தோன்றும். வெளியூரார் அங்கேயே இறங்குகிறார்கள். புதுவைக் கடற்கரைகளில் உயிர் இழந்த விடுமுறைப் பிரயாணிகளைப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். அப்படி இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்துவது வீண். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, ஓட்டத்திலிருந்து விடுபட்ட பின்னர்தான் கரைக்குத் திரும்பவேண்டும். அதைவிட மேலானது, வலைக்காரர்கள் வேண்டாம் என்ற இடத்தில் இறங்காமல் இருப்பது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மீன் வாங்கப் புறப்பட்டோம். வீட்டின் கீழ்ப்புறத்தில் கடலைப் பார்த்து ஓர் இரும்புக் கதவு, பூட்டியிருந்தது. காவற்காரர் திறந்துவிட்டார். "உடனே பூட்டிவிடவேண்டும், சார். இல்லையென்றால் ஊர் ஜனங்கள் உள்ளே வந்துவிடுவார்கள்" என்றார். யார் அந்த ஊர் ஜனங்கள் என்று விசாரித்தோம். முந்திரித் தோப்பாக இருந்த காலத்தில் குப்பத்துப் பெண்கள் அதன் ஊடேதான் கூடையோடு நெடுஞ்சாலைக்குப் போவார்களாம். இப்போது மதிலைச் சுற்றிக்கொண்டு, மணலில் அதிகப்படியாகக் கால்மணி நேரம் நடக்கிறார்கள். முதல் நாள் இரவு நமக்கு வழி காட்டிவிட்டுச் சென்ற மூதாட்டி, நம் வாசலிலிருந்து தன் வீட்டுக்குப் போனது அந்தச் சுற்று வழியில்தான் என்று அப்போது தெரிந்தது. கதவின் சாவி உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதற்குச் சட்டம் ஏதேனும் உண்டா என்று வாசகர்கள் கேட்கலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று 1991 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் ஓர் அறிவிப்பை வெளியிட்டார்கள். 2011-லும் 2019-லும் அதைத் திருத்தி எழுதினார்கள். கடற்கரை விடுதிகளைப் பற்றிய அதன் நிபந்தனைகளுள் ஒன்று, பொதுஜனங்கள் கடலுக்குப் போக வழி விடவேண்டும் என்பது. இரண்டு விடுதிகளுக்கு நடுவே குறைந்தது 20 மீட்டர் அகலம் இடைவெளி இருக்கவேண்டும் என்று 1991 அறிவிப்பே சொல்லிற்று. பெரிய விடுதி கட்டுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதிய விதி அது. பத்து சென்ட், இருபது சென்ட் என்று தோப்பை அறுத்து வாங்கி, குடியிருக்கும் வீடு என்று கட்டி, பிறகு விடுமுறைக்காரர்களுக்கு விடுகிறவர்கள் ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவராக மதில் எழுப்பினால், 20 மீட்டரை யார் அளப்பது? பத்திரத்தில் ஏறாத பழைய ஒற்றையடிப் பாதை, மதில் எழும்பிய மறுநாளே இல்லையென்று ஆகிவிடுகிறது. அதைக் கேட்கவேண்டியவர்கள் வாடகை கொடுக்கும் நாமும்தான். வீட்டை அமர்த்தும்போது குளிர்சாதனம் உண்டா என்று கேட்கிறவர்கள், ஊர் ஜனங்களுக்கு வழி விட்டிருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டால் வீட்டுக்காரர்கள் காதில் அது விழாமற் போகாது. நாம் தங்கிய மூன்று நாளும் பகற்பொழுதில் கதவைத் திறந்தே வைக்கும்படி காவற்காரரிடம் சொன்னோம். அவருடைய வீடும் குப்பத்தில்தான் இருக்கிறது, ஆட்சேபணை சொல்லவில்லை. கூடையோடு சிலர் வந்து போனார்கள். நம் இல்லத்தரசி இரண்டு மீன் குழம்பு முறைகளைக் கற்றுக்கொண்டாள்.

மதில் கட்டுகிறவர்கள் யோசிக்கவேண்டிய இன்னொரு விஷயம் கடல். இந்தக் கரை ஓரத்தில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுவைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டிய பிறகு மணல் தெற்கேயே தங்கிவிட்டது. வடக்கே கரை தேய்ந்தது. சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி ஆகிய இடங்களில் மீனவர் வீடுகளும் தென்னைகளும் கடலில் விழுந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல். "கடலிலிருந்து இருநூறு அடி" என்று விளம்பரத்தில் போடுகிறவர்கள், எந்த வருஷத்துக் கணக்கு என்பதையும் சேர்த்துப் போட்டால் உபயோகமாக இருக்கும்.

இனி, வாசகர்களில் யாரேனும் அந்தப் பக்கம் போவதாயிருந்தால், நம்மால் ஆன ஆற்றுப்படை இது. சென்னையிலிருந்து போகிறவர்களுக்குச் சுமார் 85 மைல், இக்காலக் கணக்கில் 135 கிலோமீட்டர். மாலை நான்கு மணிக்கு முன் மரக்காணத்தைத் தாண்டிவிடுங்கள்; தோப்புப் பாதைகளை வெளிச்சத்தில்தான் பார்க்கவேண்டும். பேருந்தில் போகிறவர்கள், கனகசெட்டிக்குளத்தில் நிற்குமா என்று ஏறுமுன்பே நடத்துநரைக் கேளுங்கள். நிற்காத வண்டியானால் காலாப்பட்டில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வாடகை மோட்டாரில் போனால், புதுச்சேரிக்குள் நுழைய அனுமதிச் சீட்டு எடுத்தாயிற்றா என்று சாரதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புத்துப்பட்டு ஐயனார் கோயில் வந்ததும் மெதுவாகப் போங்கள். அடுத்து வருவது எல்லை. கணபதிசெட்டிக்குளத்து மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி கண்ணில் பட்டால் ஊரைத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியை நினைவில் வைத்திருங்கள். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அது பெரிய தைரியம். 108-க்கோ 112-க்கோ பேச நேர்ந்தால், ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்லி, "புதுச்சேரி மாநிலம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் செட்டிக்குளம் என்றால் எந்த எல்லைக்கு எந்த வண்டி வரும் என்று சொல்ல முடியாது.

புறப்படுமுன் வீட்டுக்காரரிடம் நான்கு சமாசாரம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: காவற்காரர் பெயர், நெடுஞ்சாலையிலிருந்து எத்தனையாவது பாதை, வாசல் எந்தத் திசை, வீடு வருவதற்கு முன் அந்த நிலத்துக்கு ஊரார் வழங்கிய பெயர். நான்காவது அவருக்கே தெரிந்திராது. அதைக் காவற்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். பிறகு எல்லையில் வண்டியை நிறுத்தி, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, கூடையோடு யாராவது பேருந்திலிருந்து இறங்குகிறார்களா என்று பாருங்கள். மாலை ஆறு மணிக்குமேல் கட்டாயம் இறங்குவார்கள்.